இரைப்பு இல்லாத நாளுக்கான மருந்து

கேள்வி: என் மகனுக்கு 13 வயது, உயர்நிலை 1-இல் படிக்கிறான். ஆறு வயதிலிருந்து ஆஸ்துமா இருக்கிறது. கடந்த ஓராண்டில் இரண்டு முறை நள்ளிரவில் அவசரப் பிரிவுக்கு ஓடினோம். இரண்டு முறையும் ப்ரெட்னிசலோன் மாத்திரை, நாளுக்கு 40 மில்லிகிராம் வீதம் மூன்று நாள் கொடுத்தார்கள். நீல இன்ஹேலரோடு பழுப்பு இன்ஹேலர் ஒன்றும் தந்து, காலையில் இரண்டு, இரவில் இரண்டு முறை தினமும் எடுக்கச் சொன்னார்கள். அது ஸ்டீராய்டு, பிள்ளை வளரமாட்டான், பழகிவிடும் என்று என் மாமியார் அஞ்சுகிறார். அதனால் இரைப்பு இல்லாத நாள்களில் விட்டுவிடுகிறோம். நீல இன்ஹேலர் வாரத்தில் நான்கைந்து நாள் தேவைப்படுகிறது. ஆனால் அதைப் பள்ளிக்கு எடுத்துப்போக மறுக்கிறான், நண்பர்கள் கேலி செய்கிறார்களாம். காற்பந்தையும் விட்டுவிடப் போகிறேன் என்கிறான். விட்டுவிட்டால் நல்லதுதானே? வீட்டில் வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடலாமா? அடுத்த மருத்துவச் சந்திப்புக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கிறது.
– சிங்கப்பூர் ஈசூனிலிருந்து ஒரு தாய்

பதில்:

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்த வரி, "இரைப்பு இல்லாத நாள்களில் விட்டுவிடுகிறோம்" என்பது. ஆஸ்துமா செவிலியராக வேலை செய்யும் நான், பெற்றோர் இதைச் சொல்லிக் கேட்காத வாரமே இல்லை. காய்ச்சல் நின்றால் பெனடோலை நிறுத்துகிறோம், வயிற்றுவலி போனால் மருந்தை எடுத்துவைத்துவிடுகிறோம். அந்தப் பழக்கத்தில் இதையும் நிறுத்துகிறோம். ஆனால் பழுப்பு இன்ஹேலர், இரைப்பு இல்லாத நாளுக்கென்றே கொடுக்கப்பட்ட மருந்து.

ஏன் என்று சொல்கிறேன். ஆஸ்துமா உள்ள பிள்ளையின் மூச்சுக்குழாய்களின் உள்சுவர் எப்போதும் சற்று வீங்கிச் சிவந்தே இருக்கும். அவன் ஓடியாடிச் சிரித்துக்கொண்டிருக்கும் நாளிலும் அந்த வீக்கம் உள்ளே இருக்கிறது. அதன்மேல் ஒரு சளிக்காய்ச்சலோ தூசியோ புகையோ வந்து சேரும்போது, குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகி, சளியும் சேர்ந்து, வழி அடைபடுகிறது. அப்போதுதான் நமக்கு இரைப்பு கேட்கிறது. நீல இன்ஹேலரில் உள்ள சால்பியூட்டமால் அந்தத் தசையைத் தளர்த்துகிறது. சில நிமிடங்களில் நிம்மதி கிடைக்கும், ஏறக்குறைய நான்கு மணி நேரம் நிற்கும். வீக்கத்தை அது தொடுவதே இல்லை. வீக்கத்தை வடியவைப்பது பழுப்பு இன்ஹேலர். அதன் வேலை மெதுவானது. முழுப் பலன் தெரியப் பல வாரங்கள் ஆகும். இன்று எடுத்தால் இன்று ஒன்றும் தெரியாது என்பதால்தான் வீட்டில் யாருக்கும் அதன்மேல் நம்பிக்கை வருவதில்லை.

ஒரு பிள்ளையின் ஆஸ்துமா கட்டுக்குள் இருக்கிறதா என்று பார்க்க, கடந்த நான்கு வாரங்களைப் பற்றி நான்கு கேள்விகள் கேட்போம். வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் பகலில் இரைப்போ இருமலோ இருந்ததா? இரவில் இருமி எழுந்தானா? நீல இன்ஹேலர் வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் தேவைப்பட்டதா? விளையாட்டையோ வேறு எதையுமோ இதனால் குறைத்துக்கொண்டானா? உங்கள் மகனுக்கு நான்கைந்து நாள் நீல இன்ஹேலர் தேவைப்படுகிறது, காற்பந்தையும் விடப் போகிறான். அவனுடைய ஆஸ்துமா கட்டுக்குள் இல்லை. "அவனுக்கு இது வழக்கம்தான்" என்று வீடு பழகிப்போவதுதான் எனக்குப் பயம் தருகிறது. ஓராண்டில் மூன்று நீல இன்ஹேலர்களோ அதற்கு மேலோ தீர்ந்துபோகிறவர்களுக்குக் கடுமையான தாக்குதல் வரும் ஆபத்து கூடுகிறது. உங்கள் வீட்டில் எத்தனை தீர்ந்தது என்று எண்ணிப் பாருங்கள்.

இனி உங்கள் மாமியாரின் அச்சம். தயவுசெய்து அவரோடு வாதாடாதீர்கள். அந்த அச்சம் காரணமின்றி வந்ததன்று. அவர் தலைமுறையில் ஸ்டீராய்டு மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்கி முகம் உப்பிப்போனவர்களைப் பார்த்திருப்பார். ஊரிலிருந்து வரும் 'இரைப்புப் பொடி'யைத் தின்று குணமானதாக நினைத்து, பிறகு எலும்பு தேய்ந்து போனவர்களையும் பார்த்திருக்கக்கூடும். அத்தகைய பொடிகள் சிலவற்றில் டெக்ஸாமெத்தசோன் என்னும் வீரியமிக்க ஸ்டீராய்டு சொல்லாமல் கலக்கப்பட்டிருக்கும். இங்கே சுகாதார அறிவியல் ஆணையம் இப்படிப்பட்ட பொருள்களைப் பற்றிப் பலமுறை எச்சரித்திருக்கிறது. ஆகவே, ஸ்டீராய்டு என்ற சொல்லைக் கேட்டதும் அவர் நடுங்குவது இயல்பு. அவரை உட்காரவைத்து ஒரு கணக்கை மட்டும் காட்டுங்கள்.

பழுப்பு இன்ஹேலரில் ஒரு முறைக்கு 50 மைக்ரோகிராம் என்று வைத்துக்கொள்வோம் (பெட்டியின் மேல் பார்த்துக்கொள்ளுங்கள்). நாளுக்கு நான்கு முறை என்றால் 200 மைக்ரோகிராம். 365 நாளும் ஒருநாள் விடாமல் எடுத்தால் 73,000 மைக்ரோகிராம், அதாவது 73 மில்லிகிராம். அவசரப் பிரிவில் கொடுத்த ப்ரெட்னிசலோனும் ஸ்டீராய்டுதான்; அந்த மாத்திரையோ நாளுக்கு 40 மில்லிகிராம், மூன்று நாளுக்கு 120. இரண்டு முறை போனதில் 240. இரண்டும் வெவ்வேறு மருந்து, வீரியமும் வேறு என்பதால் எடையை மட்டும் வைத்து நேருக்கு நேர் ஒப்பிடக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் மாத்திரை வயிறு வழியாக இரத்தத்தில் கலந்து உடல் முழுவதும் போகிறது. இன்ஹேலர் மருந்து போக வேண்டிய நுரையீரலுக்கு நேரே போகிறது. உடலின் மற்ற இடங்களை எட்டுவது மிகக் கொஞ்சம். பழுப்பு இன்ஹேலரைத் தவிர்த்து நீங்கள் ஸ்டீராய்டைத் தவிர்க்கவில்லை, அம்மா. மூன்று நாள் மாத்திரையாக அதையே அதிகமாகக் கொடுத்திருக்கிறீர்கள்.

உயரத்தைப் பற்றி மறைக்காமல் சொல்கிறேன், ஏனென்றால் மறைத்தால் பாட்டி வேறெங்காவது கேட்டுவிட்டு என்னையும் நம்பமாட்டார். பாதிப்பு உண்டு, ஆனால் சிறியது. அமெரிக்காவில் 5 முதல் 13 வயது வரையிலான பிள்ளைகளுக்கு இத்தகைய இன்ஹேலரைப் பல ஆண்டுகள் கொடுத்து, அவர்கள் பெரியவர்களாகும்வரை தொடர்ந்து கவனித்தார்கள். முடிவு 2012-இல் வெளியானது: மருந்து எடுக்காதவர்களைவிடச் சராசரியாக 1.2 சென்டிமீட்டர் குறைவு. அந்தக் குறைவும் தொடக்க ஆண்டுகளில் வந்ததுதான், ஆண்டுதோறும் கூடிக்கொண்டே போகவில்லை. மறுபக்கம், தூக்கம் கெட்டு, அடிக்கடி நோயில் விழும் பிள்ளையின் வளர்ச்சியும் தடைபடவே செய்யும். ஒரு விரல் அகலத்துக்கும் குறைவான உயரத்தையும் ஒரு நள்ளிரவு ஆம்புலன்சையும் பாட்டியே எடைபோட்டுப் பார்க்கட்டும். 'பழகிவிடும்' என்ற பயத்துக்கு இடமே இல்லை. மூன்று மாதம் போல் நன்றாக இருந்தால், மருத்துவரே அளவைக் குறைத்துக்கொண்டு வருவார். நீங்களாகக் குறைக்கக் கூடாது, அவ்வளவுதான். மருந்து எடுத்ததும் வாய் கொப்பளித்துத் துப்பினால் வாய்ப்புண்ணும் குரல் கம்முவதும் வரும் வாய்ப்பு குறையும்.

பாட்டி தூதுவளை ரசமும் கற்பூரவல்லியும் கொடுத்துவந்தால் நிறுத்தச் சொல்லமாட்டேன். அன்போடு செய்கிறார், அவன் உணவாகச் சாப்பிடட்டும். கொதிக்கும் பாத்திரத்தின் மேல் போர்வை மூடி ஆவி பிடிப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். அதில் வெந்துபோன பிள்ளைகள் உண்டு.

இன்ஹேலர் எடுக்கும் முறையை ஒருமுறை சோதித்துப் பாருங்கள். ஏழு ஆண்டு பழகியவன் என்பதால் சரியாகத்தான் எடுப்பான் என்று எண்ண வேண்டாம். குலுக்காமல் அடிப்பார்கள், இரண்டையும் ஒரே மூச்சில் அடிப்பார்கள், அடித்தவுடன் மூக்கு வழியாகப் புகை வெளியே வரும். ஸ்பேசர் (இன்ஹேலரோடு பொருத்தும் பிளாஸ்டிக் குடுவை) இல்லாமல் வாயில் நேரே அடித்தால் பெரும்பகுதி தொண்டையில் படிந்துவிடுகிறது. குலுக்கி, ஸ்பேசரில் பொருத்தி, ஒரு முறை அழுத்தி, மெதுவாக ஆழ இழுத்துப் பத்து எண்ணும்வரை மூச்சை அடக்க வேண்டும். முடியாவிட்டால் ஸ்பேசரிலேயே ஐந்தாறு முறை சாதாரணமாக மூச்சு விடலாம். பிறகு மறுபடியும் குலுக்கி அடுத்தது. ஸ்பேசரை மாதம் ஒருமுறை பாத்திரம் கழுவும் சோப்பு நீரில் முக்கி எடுத்து, துடைக்காமல் தானே காயவிடுங்கள். துணியால் துடைத்தால் உண்டாகும் நிலைமின்சாரம் மருந்தை ஸ்பேசரின் சுவரிலேயே ஒட்டவைத்துவிடும். இன்னொன்று: மருந்து தீர்ந்த பின்னும் இன்ஹேலரில் வாயு மிஞ்சியிருக்கும், அழுத்தினால் 'புஸ்' என்று வரும். வெற்றுக் குழாயை மாதக்கணக்கில் அடித்துக்கொண்டிருந்த பிள்ளையை நான் பார்த்திருக்கிறேன். எண் காட்டும் இன்ஹேலராக இருந்தால் எண்ணைப் பாருங்கள். இல்லையென்றால் தொடங்கிய தேதியை மேலே எழுதிவையுங்கள்.

இப்போது உங்கள் மகனைப் பற்றி. கடிதம் முழுவதும் நீங்கள் பேசுகிறீர்கள், மாமியார் பேசுகிறார், மருத்துவர் பேசுகிறார். அவன் சொன்னதாக இரண்டே செய்தி: பள்ளிக்கு எடுத்துப்போகமாட்டேன், காற்பந்தை விடப் போகிறேன். இரண்டும் ஒரே வேதனை என்று எனக்குத் தோன்றுகிறது. மைதானத்தில் மூச்சு வாங்குகிறது. நின்று நீலக் குழாயை எடுத்தால் நாலு பேர் பார்ப்பார்கள். அதைவிட விளையாட்டையே விட்டுவிடுவது அவனுக்கு எளிதாகப் படுகிறது. பதின்மூன்று வயதில் கூட்டத்திலிருந்து தனித்துத் தெரிவது எவ்வளவு பெரிய தண்டனை என்பதை நாம் மறந்துவிடுகிறோம். என் தம்பி பள்ளி நாள்களில் நீலக் குழாயைக் காலுறைக்குள் ஒளித்து எடுத்துப்போவான், கழிவறைக்குள் போய்த்தான் எடுப்பான். ஒருநாள் அங்கேயே சுருண்டு கிடந்தவனை ஒரு துப்புரவுத் தொழிலாளி தூக்கிவந்தார். அந்தத் தொழிலாளி அன்று கதவைத் தட்டாமல் போயிருந்தால் என்று இன்றும் நினைத்து நடுங்குகிறேன். அதனால் சொல்கிறேன்: காற்பந்தை விடவிடாதீர்கள். விளையாட்டை நிறுத்தி ஆஸ்துமாவை அடக்குவது மருத்துவமே ஆகாது. ஆஸ்துமாவை அடக்கினால் அவன் விளையாடலாம். 2003-இல் லண்டனில் 2 மணி 15 நிமிடம் 25 வினாடியில் மாரத்தான் ஓடி உலகச் சாதனை படைத்த பவுலா ராட்கிளிஃபுக்குப் பதின்ம வயதிலிருந்தே ஆஸ்துமா. இதை நீங்கள் சொன்னால் அறிவுரையாகிவிடும், அவனையே தேடிப் பார்க்கச் சொல்லுங்கள்.

அவனுக்கு ஒரு வழியும் இருக்கிறது. நீல இன்ஹேலரை மட்டும் நம்பியிருப்பது 12 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்குப் பாதுகாப்பானதன்று என்று, கினா எனப்படும் உலக ஆஸ்துமா வழிகாட்டி அமைப்பு 2019-இலேயே சொல்லிவிட்டது. வீக்கத்தை வடியவைக்கும் பியூடசனைடும் உடனே மூச்சைத் திறக்கும் ஃபோர்மோடெராலும் சேர்ந்த ஒரே இன்ஹேலரை, தினமும் எடுக்கவும் இரைப்பு வரும்போது எடுக்கவும் பயன்படுத்தும் முறை அவன் வயதினருக்கு உண்டு. தூளாக இழுக்கும் வகையில் ஸ்பேசர் தேவையில்லை, கால்சட்டைப் பையில் அடங்கும். கூட்டத்தின் நடுவே பெரிய பிளாஸ்டிக் குடுவையை வாயில் வைக்க வேண்டாம் என்பது அவனுக்கு எவ்வளவு பெரிய விடுதலை! அவனுக்கு இது பொருந்துமா என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். ஆனால் கேளுங்கள். இன்னும் நல்லது, அவனே கேட்கட்டும். சந்திப்பின்போது முதல் பத்து நிமிடம் நீங்கள் வாய் திறக்காமல் இருங்கள், மருத்துவரோடு அவன் தனியாகச் சிறிது நேரம் பேசவும் விடுங்கள். மின்சிகரெட் பற்றிய கேள்வி அங்கேதான் உண்மையான பதிலைப் பெறும். 2018 முதல் இங்கே அது முற்றாகத் தடைசெய்யப்பட்டிருந்தாலும் பிள்ளைகள் கைக்கு எட்டிவிடுகிறது, ஆஸ்துமா உள்ள நுரையீரலுக்கு அது நஞ்சு. உங்கள் மகன் தொட்டிருப்பான் என்று நான் சொல்லவில்லை. கேட்கப்படாமல் இருக்க வேண்டாம் என்கிறேன்.

பயிற்சிக்கு முன் பத்துப் பதினைந்து நிமிடம் மெல்ல ஓடி உடலைச் சூடாக்கட்டும். மருத்துவர் அனுமதித்தால் அதற்கு முன்பே இன்ஹேலரும் எடுக்கலாம். வகுப்பாசிரியர், உடற்கல்வி ஆசிரியர், பயிற்றுநர் மூவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். இன்ஹேலர் அவன் பையில், அவன் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். பள்ளி அலுவலக அலமாரியில் பூட்டிவைத்த இன்ஹேலர் மைதானத்தின் மறுகோடியில் விழுந்த பிள்ளைக்கு உதவாது. புகைமூட்டம் வரும் மாதங்களில் மட்டும் வெளியே ஓடுவதற்கு முன் தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் காற்றுத்தர அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். 2013 ஜூனில் அந்த அளவு 401-ஐத் தொட்டதை நாம் யாரும் மறந்திருக்க மாட்டோம்.

சாம்பிராணி. தமிழ் வீட்டில் இதைப் பேசத் தயங்குவோம், நான் தயங்கப் போவதில்லை. கரியில் போடும் சாம்பிராணியும் ஊதுவத்தியும் நுண்துகள்களை வீடு முழுவதும் நிரப்புகின்றன. வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டின் சிறிய வரவேற்பறையில் அது மணிக்கணக்கில் நிற்கும். சாமிக்கு விளக்கும் பூவும் போதும். அவன் ஆஸ்துமா கட்டுக்குள் வரும்வரை வீட்டுக்குள் புகை வேண்டாம். வீட்டில் யாராவது சிகரெட் புகைத்தால், புளோக்கின் கீழே போய்ப் புகைத்தாலும் சட்டையிலும் தலைமுடியிலும் அது ஏறி வருகிறது. நிறுத்துவதே நல்லது. நம் ஈரப்பதத்தில் மெத்தைக்குள் தூசிப்பூச்சி செழிக்கும். படுக்கை விரிப்பையும் தலையணை உறையையும் வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் துவையுங்கள். காற்றுச் சுத்திகரிப்பான் வாங்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். பழுப்பு இன்ஹேலர் ஒழுங்காகப் போகாத வீட்டில் அது வீண் செலவு.

செலவைப் பற்றி ஒரு வார்த்தை. ஆஸ்துமா, நாள்பட்ட நோய்களுக்கு மெடிசேவ் (மருத்துவச் சேமிப்புக் கணக்கு) பயன்படுத்தக்கூடிய பட்டியலில் இருக்கிறது; பெற்றோரின் கணக்கிலிருந்து பிள்ளைக்கும் எடுக்கலாம். சாஸ் அட்டை (அரசின் மருத்துவ மானிய அட்டை) இருந்தால் பங்கேற்கும் தனியார் மருந்தகத்திலும் மானியம் உண்டு.

மருத்துவரிடம் எழுத்தில் ஆஸ்துமா செயல்திட்டம் ஒன்று கேட்டு வாங்குங்கள். ஒரே தாள்: நன்றாக இருக்கும்போது என்ன, இருமல் தொடங்கும்போது என்ன, மோசமாகும்போது என்ன என்று அதில் இருக்கும். குளிர்பெட்டிக் கதவில் ஒட்டி, படமெடுத்து அவன் கைப்பேசியிலும் வைத்துவிடுங்கள். அந்தத் தாள் கைக்கு வருவதற்குள் தாக்குதல் வந்தால், ஆஸ்திரேலியாவில் பொதுமக்களுக்குக் கற்றுத்தரும் முதலுதவியை நினைவில் வையுங்கள்: நிமிர்த்தி உட்காரவைத்து, ஸ்பேசர் வழியாக நீல இன்ஹேலரை ஒவ்வொன்றாக நான்கு முறை, ஒவ்வொன்றுக்கும் நான்கு மூச்சு, பிறகு நான்கு நிமிடம் காத்திருத்தல். குறையவில்லை என்றால் 995-ஐ அழைத்துவிட்டு, ஆம்புலன்ஸ் வரும்வரை அதையே திரும்பச் செய்யுங்கள். விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்ளிழுத்தாலோ, ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாமல் திணறினாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, மயக்கமாகச் சாய்ந்தாலோ நான்கு நிமிடமும் காத்திருக்க வேண்டாம், முதலிலேயே அழையுங்கள். மூச்சுத் திணறும் பிள்ளையிடம் திடீரென்று இரைப்புச் சத்தம் அடங்கிவிட்டால் குறைந்துவிட்டது என்று மகிழாதீர்கள். காற்றே போகாததால் சத்தம் வராமல் இருக்கலாம்.

ஆறு வாரம் காத்திருக்கும் நிலையில் அவன் இல்லை. இன்று இரவு பழுப்பு இன்ஹேலரை எடுத்துக் காலாவதித் தேதியைப் பார்த்து, அவன் பல்துலக்கும் தூரிகைக்குப் பக்கத்தில் வைத்து, எழுதிக்கொடுத்த அளவிலேயே தொடங்குங்கள். நாளைக் காலை மருந்தகத்தைத் தொலைபேசியில் அழைத்து, "நீல இன்ஹேலர் வாரத்தில் ஐந்து நாள் தேவைப்படுகிறது, ஓராண்டில் இரண்டு முறை அவசரப் பிரிவு" என்று இதே சொற்களில் சொல்லிச் சந்திப்பை முன்னுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். போகும்போது இரண்டு இன்ஹேலர்களையும் ஸ்பேசரையும் எடுத்துச் செல்லுங்கள். முடிந்தால் பாட்டியையும் அழைத்துப் போங்கள்.

அன்புடன்,
உங்கள் செவிலியர்